கேள்வி பதில்: காற்றுப் பையை நம்பி அவுட்பேக் போகலாமா?

ஏர் சஸ்பென்ஷன் என்றால், காயில் (சுருள் ஸ்பிரிங்) இருக்க வேண்டிய இடத்தில் ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும்; அவற்றுக்குக் காற்றடிப்பது கம்ப்ரெஸர். அப்படிப்பட்ட ஃபோர் வீல் டிரைவில் ஆஸ்திரேலியாவின் உட்பகுதிக்குப் போவது பற்றி வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்; கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது. இருபது வருஷமாக அந்தச் செம்மண்ணில் வண்டி ஓட்டுகிறேன், பழுதும் பார்க்கிறேன்.

பெர்த்: அண்ணா, என்னிடம் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 4 இருக்கிறது. கானிங் ஸ்டாக் ரூட் என்ற பாலைவனத் தடத்தில் போக ஆசை. எல்லோரும் பைத்தியமா என்கிறார்கள்.

பைத்தியம் இல்லை, போகலாம். ஆனால் தயாரிப்பு வேண்டும். விலூனாவிலிருந்து ஹால்ஸ் கிரீக் வரை ஏறக்குறைய 1850 கிலோமீட்டர். நடுவில் டீசல் கிடைப்பது குனவாரிட்ஜியில்தான். அதனால் டீசலும் தண்ணீரும் நிறைய ஏற்றியாக வேண்டும். பளு கூடினால் பையும் கம்ப்ரெஸரும் கூடுதலாக உழைக்கும்.

இந்த சஸ்பென்ஷன் பெரும்பாலும் திடீரென்று சாவதில்லை. எங்கோ ஒரு சின்னக் கசிவில் ஆரம்பிக்கும். ஒரு மூலை இறங்கியதை சென்சார் பார்த்துச் சொல்லும், கம்ப்ரெஸர் ஓடி ஏற்றிவிடும். மறுபடி இறங்கும், மறுபடி ஓடும். சூடேறிச் சூடேறி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் மணிகளும் நனைந்து போய், கடைசியில் கம்ப்ரெஸர் எரியும். ஆட்களும் கம்ப்ரெஸரைத்தான் திட்டுவார்கள். கசிவை யாரும் தேடுவதில்லை.

பாலைவனத்தைக் கடக்கும் தனாமி சாலையில் எனக்கே நடந்தது. காலையில் எழுந்து பார்த்தால் இடது பின் மூலை தாழ்ந்து கிடக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கலந்து பையின் மடிப்பில் ஊற்றினேன். மடிப்புக்குள் மாவு போலச் செம்மண். அது கரைந்து வழிந்ததும் ஒரே இடத்தில் குமிழி மெல்ல ஊதிப் பெருத்தது, உடைந்தது, மறுபடி பெருத்தது. ஒவ்வொரு அசைவிலும் மண் ரப்பரை உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கிறது. புறப்படும் முன் குழாய்த் தண்ணீரை அடித்து மடிப்பைக் கழுவியிருந்தால் விரிசல் அப்போதே கண்ணில் பட்டிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். மறுநாள் காலை மறுபடி அளங்கள். உங்கள் வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. இரவில் கணினி அவ்வப்போது விழித்து, எந்த மூலை தாழ்ந்திருக்கிறதோ அதற்குச் சமமாக மற்ற மூன்றையும் இறக்கிவிடும். எது கசிகிறது என்றே தெரியாது. ஆகவே சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட்டு அளங்கள். எந்த ஃபியூஸ் என்று கையேட்டில் பார்த்து இப்போதே குறித்து வையுங்கள். வழியில் கோளாறு வந்தாலும் அதைக் கழற்றினால் வால்வுகள் மூடியபடி நிற்கும், கணினி வண்டியை அடியில் உள்ள ரப்பர் கட்டையில் முட்டும் வரை இறக்காது.

கூடவே கம்ப்ரெஸருக்கு மின்சாரம் தந்து நிறுத்தும் ரிலே ஒன்று, உயர சென்சார் ஒன்று, ஒவ்வொரு பைக்கும் டயர் பம்பால் நேரடியாகக் காற்றடிக்கும் அவசர வால்வு செட் ஒன்று எடுத்துப் போங்கள். ரிலே சில டாலர்தான். அது ஒட்டிக்கொண்டால் கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடி எரிந்துவிடும்.

சிட்னி: லெக்ஸஸ் எல்எக்ஸ் 570-இன் ஏர் சஸ்பென்ஷன் எப்படி?

அது காற்றுப் பை இல்லை. எண்ணெயும் நைட்ரஜன் உருண்டைகளும். அதற்கென்று இருப்பவரிடம் கேளுங்கள்.

மெல்பர்ன்: பிராடோவில் பின்னால் மட்டும் பை இருக்கிறது. காயிலுக்கு மாற்றலாமா?

மாற்றலாம். பின்பக்கம் மட்டும் என்பதால் பெரிய வேலையும் இல்லை. பை பழசாகி, நீண்ட பயணம் போவதானால் நானே மாற்றச் சொல்வேன்.

பிரிஸ்பேன்: லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) உள்ள யூட்டில், அதாவது பின்னால் தொட்டி உள்ள பிக்கப்பில், கூடுதலாகக் காற்றுப் பை வைத்தால் சேசிஸ் வளையும் என்று பயமுறுத்துகிறீர்கள். பத்து வருஷமாக வைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

உங்களுக்கு ஆகாததில் சந்தோஷம். ஆனால் கணக்கைப் பாருங்கள். பட்டை ஸ்பிரிங் தன் பளுவை முன் முனை, பின் முனை என்று இரண்டு இடத்தில் சேசிஸுக்குத் தருகிறது. ஆக்ஸிலுக்கு மேலே பை வைத்து இறுக்கிக் காற்றடித்தால், அந்தப் பளுவில் பெரும்பகுதி ஒரே புள்ளியில் முட்டும். பின்னால் கேரவன் கொக்கியில் தொங்குகிறது, தொட்டியின் கடைசியில் டூல்பாக்ஸ். பின்பக்கம் நெம்புகோலாகி, கேபினுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே சேசிஸ் மடங்குகிறது.

டார்வின்: பை இல்லாத யூட்டும் வளைந்து பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

சரியான கேள்வி. நானும் பார்த்திருக்கிறேன். முதல் குற்றவாளி அளவுக்கு மீறிய பளுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். பை செய்கிற கெடுதல் வேறு: தாழ்ந்த பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு, பளு அதிகம் என்பதையே கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. அனுமதித்த எடைக்குள், குறைந்த காற்றோடு வைத்திருந்தால் எனக்குப் புகார் இல்லை; பிரிஸ்பேன்காரர் அப்படித்தான் வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். காயிலுக்கு உள்ளே வைக்கும் பை வேறு கதை. அங்கே பளு காயில் உட்காரும் இடத்திலேயேதான் இறங்குகிறது.

எல்லோருக்கும் சொல்கிறேன்: குடும்பம், தண்ணீர், டீசல் எல்லாம் ஏற்றிய பிறகு எடைமேடையில் நிறுத்துங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ.

அடிலெய்டு: காயிலுக்கு மாற்றலாமா?

மேலே மெல்பர்ன்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். நான்கு மூலையும் பை உள்ள வண்டி என்றால், சரியாக இருப்பதை மாற்றாதீர்கள்.

கான்பெரா: டிஸ்கவரி 3, கிப் ரிவர் ரோடு. காயிலுக்கு மாற்றலாமா?

வேண்டாம். பெர்த் பதிலைப் படியுங்கள். அந்தச் சாலையில் பையை விட டயர் காற்றில் கவனம் வையுங்கள். தகரக் கூரை போல அலை அலையான மண்ணில் தார்ச்சாலைக் காற்றோடு ஓடினால், டயர் வாங்க வேண்டிய அடியை சஸ்பென்ஷன் வாங்கும். காற்றைக் குறையுங்கள், வேகத்தையும் குறையுங்கள்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்: நாளை காலை தனாமி வழியாகக் கிளம்புகிறோம், இரண்டு குழந்தைகள் கூட. ராத்திரிக்குள் வலது முன் மூலை மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. கம்ப்ரெஸர் ஏற்றிவிடுகிறது. போகலாமா?

போகாதீர்கள். நீங்கள் இப்போது பட்டறை உள்ள ஊரில் இருக்கிறீர்கள். முதலில் பைக்குப் போகும் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் விடுங்கள், அப்புறம் மடிப்பில், சக்கரத்தை முழுதாகத் திருப்பி வைத்துக்கொண்டு. இணைப்பில் குமிழி என்றால் ஒரு மணி நேர வேலை. மடிப்பில் என்றால் இரண்டு முன் பைகளையும் மாற்றுங்கள். குமிழி எங்கே வந்தது என்று இன்று இரவே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.