சர்க்கரைவள்ளிக் கிழங்கில் கார ஸ்டார்ட்டர்: சர்க்கரை உள்ளவர்கள் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுக்கிறேன். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 7.2. வீட்டுக்கு யாராவது சாப்பிட வந்தால், சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் பெரிய துண்டுகளாக்கி, எண்ணெய், உப்பு, மிளகு தடவி ஓவனில் ஒரு மணி நேரம் சுட்டு ஸ்டார்ட்டராக வைப்பேன். நானும் ஒரு தட்டு சாப்பிடுவேன். "பேரிலேயே சர்க்கரை இருக்கே, நீ தொடலாமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அதிலிருந்து தயக்கமாக இருக்கிறது. நான் இனிப்பு எதுவும் சேர்ப்பதில்லையே? இன்னொன்று, என் கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு சிறுநீரகக் கல் வந்தது. அவர் இதைச் சாப்பிடலாமா?

பதில்: சாப்பிடலாம். ஆனால் அந்த ஒரு மணி நேர ஓவன் வேண்டாம். அந்த 'ஒரு தட்டு' எவ்வளவு என்பதையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

பெயரை வைத்துப் பயப்பட வேண்டியதில்லை. 100 கிராம் பச்சைக் கிழங்கில் கார்போஹைட்ரேட் சுமார் 20 கிராம் இருக்கிறது. அதில் நேரடிச் சர்க்கரை 4 கிராம்தான், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. நார்ச்சத்து 3 கிராம். உருளைக்கிழங்கோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் 'இனிப்பு எதுவும் சேர்ப்பதில்லை' என்று நீங்கள் சொல்வது பாதி ஆறுதல்தான். இந்தக் கிழங்கு தனக்கு வேண்டிய சர்க்கரையை அடுப்பிலேயே தயாரித்துக்கொள்ளும். பீட்டா அமைலேஸ் என்ற நொதி அதற்குள்ளேயே இருக்கிறது. கிழங்கின் உட்புறம் சுமார் 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்கும்போது, அந்த நொதி மாவுச்சத்தை உடைத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாற்றும். அதற்கு மேல் சூடு ஏறினால் நொதி செயலிழந்துவிடும். பெரிய துண்டு ஓவனில் மெதுவாகச் சூடேறுவதால், நொதிக்கு வேலை செய்ய நிறைய நேரம் கிடைக்கிறது. சுட்ட கிழங்கின் ஓரத்தில் பாகு மாதிரி கசிந்து ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது இப்படி உண்டானதுதான். மிளகும் உப்பும் நாக்கை ஏமாற்றலாம், குளுக்கோமீட்டரை ஏமாற்ற முடியாது.

ரத்தச் சர்க்கரையை ஓர் உணவு எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்பதைக் காட்டும் கிளைசிமிக் இன்டெக்ஸிலும் இது தெரிகிறது. தண்ணீரில் வேகவைத்த கிழங்குக்கு 50-ஐ ஒட்டியும், ஓவனில் சுட்டதற்கு 80, 90 வரையிலும் அளவிட்டிருக்கிறார்கள். ரகத்துக்கு ரகம் எண் மாறும். ஆனாலும் ஒரே கிழங்கு சமைக்கும் விதத்தால் இவ்வளவு மாறுகிறது என்பதைக் கவனியுங்கள். எண்ணெயில் பொரித்தால் இவை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆனால் கிழங்கு குடிக்கும் ஒவ்வொரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கும் சுமார் 120 கலோரி கூடிவிடும். அதனால் பொரிப்பதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்.

என் யோசனை இது. நான்கு பேருக்கு 400 கிராம் கிழங்கு போதும். நன்றாகக் கழுவி, தோலோடு கட்டைவிரல் நுனி அளவுக்குச் சின்னத் துண்டுகளாக வெட்டுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே துண்டுகளைப் போடுங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சூடேற்றினால், நாம் தவிர்க்க நினைக்கும் அந்த நொதிக்கு மறுபடி நேரம் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். எட்டு நிமிடம் கழித்துக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, துணியில் பரப்பி ஈரம் போகவிடுங்கள். ஈரத்தோடு வாணலியில் போட்டால் மொறுமொறுப்பே வராது, குழைந்துவிடும். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள்.

அப்புறம் அகலமான வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டும் சீரகப்பொடியும் சேர்த்து, நடுத்தரத் தீயில் நாலைந்து நிமிடம் புரட்டி எடுங்கள். பொன்னிறம் வந்தால் போதும், கருக வேண்டாம். 120 டிகிரிக்கு மேல் வறுபடும் மாவுச்சத்து உணவில் அக்ரிலமைடு என்ற, உடலுக்கு நல்லதல்லாத பொருள் உருவாகும். நிறம் கருக்கக் கருக்க அதன் அளவும் கூடும். இந்தக் கொஞ்ச எண்ணெயை 'ஆரோக்கியத்துக்காக' விட்டுவிடவும் வேண்டாம். ஆரஞ்சு நிறக் கிழங்கில் உள்ள பீட்டா கரோட்டின் குடலில் உறிஞ்சப்படக் கொழுப்பு தேவை. மிளகையும் எலுமிச்சைச் சாற்றையும் கடைசியில் சேருங்கள். புளிப்பு இருந்தால் உப்பு குறைவது தெரியாது. நாலு பேருக்கும் சேர்த்துக் கால் டீஸ்பூன் உப்பு போதும். தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிர் வையுங்கள், சர்க்கரை கலந்த பாட்டில் சாஸ் வேண்டாம். தயிரில் உள்ள புரதம் சர்க்கரை ஏறும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும்.

உங்கள் பங்கு 100 கிராம். அதில் கார்போஹைட்ரேட் 20 கிராம் வரை இருக்கும். இதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் என்றாலே கணக்கில் வராத உணவு என்று நம் மனசு எப்படியோ முடிவு செய்துவிடுகிறது. கிளினிக்கில் வாரத்துக்கு நாலு பேராவது "சாப்பாடு கொஞ்சம்தான் டாக்டர்" என்பார்கள். அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். அதனால் அன்றைக்குச் சோறோ ரொட்டியோ, அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் பயம் மிகக் குறைவு. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும், ஸ்டார்ட்டர் சாப்பிட்டாயிற்றே என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடவோ பெரிதாகக் குறைக்கவோ கூடாது.

என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம், சோதித்தே பார்க்கலாம். ஒரு நாள் சாப்பிடும் முன்பு ஒரு முறையும், முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் விரலில் குத்திப் பாருங்கள். உங்கள் மருத்துவர் வேறு இலக்கு சொல்லாதவரை, இரண்டாவது எண் 180-க்குக் கீழே இருந்தால் இந்த அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது. தாண்டினால் 60 கிராமாகக் குறைத்து இன்னொரு நாள் பாருங்கள்.

கிழங்கை வாங்கி ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் நடுப்பகுதி கட்டையாகி வேகாது. பூஞ்சை பிடித்தது, கறுத்து அழுகியது என்றால் அந்த இடத்தை மட்டும் சீவிவிட்டு மீதியைச் சமைக்க வேண்டாம். அங்கே உண்டாகும் நச்சுகள் சமையல் சூட்டில் முழுதாக அழிவதில்லை. முழுக் கிழங்கையும் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் கணவர் விஷயம். பெரும்பாலான சிறுநீரகக் கற்கள் கால்சியம் ஆக்சலேட் வகை. சர்க்கரைவள்ளியில் ஆக்சலேட் ஓரளவு இருக்கிறது. துண்டு போட்டு வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டும்போது அதில் ஒரு பகுதி போய்விடும். தயிரில் உள்ள கால்சியம், மிச்சமிருப்பதில் ஒரு பகுதியைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். கல் வந்தவர்கள் பயந்துபோய்ப் பால், தயிரை நிறுத்துவது தவறான வழி. ஆக, உங்களுக்குச் சொன்ன அதே செய்முறை அவருக்கும் பொருந்தும். எப்போதாவது விருந்தில் 100 கிராம் சாப்பிடுவதில் தவறில்லை, தினமும் வேண்டாம். தண்ணீர் மட்டும் குறையக் கூடாது. நாள் ஒன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும்.

அவருடைய பழைய ரிப்போர்ட்டில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்தீர்களா? அது கூடுதலாக இருந்தால் கதை வேறு. அப்போது கிழங்கில் உள்ள பொட்டாசியமும் கவலைக்குரியது. சிறுநீரக மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்ட பிறகு அவருக்குக் கொடுங்கள்.