ஸ்பிண்டிலா, எண்ட் மில்லா?

கேள்வி: பட்டர்வொர்த் வீட்டில் பொழுதுபோக்குக்கு ஒரு சின்ன சி.என்.சி. (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) வைத்திருக்கிறேன். அலுமினியத்தில் பிராக்கெட் வெட்டினால் மேல்பரப்பு வரிவரியாக வருகிறது, கத்தியில் உலோகம் அப்பிக்கொள்கிறது. 3 மில்லிமீட்டர், நாலு ஃபுளூட் (வெட்டும் பல்லும் அதன் பள்ளமும்), கறுப்புக் கோட்டிங் எண்ட் மில் (சுழன்று வெட்டும் கத்தி), "அலுமினியத்துக்கு ஏற்றது" என்று ஆன்லைனில் வாங்கியது. நிமிடத்துக்கு 10,000 சுற்று, 150 மில்லி ஓட்டம். கடைக்காரர் 1,200 வெள்ளிக்குப் புது ஸ்பிண்டில் (கத்தியைச் சுழற்றும் பாகம்) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கணக்கையே பாருங்கள்: 150-ஐ 10,000 சுற்றாலும் நாலு பல்லாலும் வகுத்தால் ஒரு பல்லுக்கு 0.004 மில்லிகூட வரவில்லை. அது வெட்டு இல்லை, தேய்ப்பு. தேய்த்தால் சூடு, சூட்டில் அலுமினியம் இளகிக் கத்தியில் ஒட்டும், ஒட்டியது மறுபடி பரப்பைக் கீறும். நாலு ஃபுளூட்டில் சிப் (வெட்டிய உலோகச் சீவல்) வெளியேற இடமும் குறைவு. கறுப்புக் கோட்டிங் பெரும்பாலும் எஃகுக்கானது, அதிலேயே அலுமினியம் கலந்திருப்பதால் ஒட்டல் இன்னும் கூடும்.

கோட்டிங் இல்லாத, பளபளவென்று தீட்டிய ஒற்றை ஃபுளூட் கார்பைடு கத்தி ஒன்று வாங்குங்கள், ஸ்பிண்டில் விலைக்கு முன்னால் அது சில்லறைக் காசு. அதே 10,000 சுற்றில் 300 மில்லி ஓட்டினால் பல்லுக்கு 0.03 கிடைக்கும். ஆழம் 0.2, 0.3 போதும், சின்ன மெஷின் அதற்குமேல் நடுங்கும். கத்தியைக் கோலட்டுக்கு (கத்தியைக் கவ்வும் பிடி) வெளியே தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். சிப்பைக் காற்றால் ஊதிக்கொண்டே இருங்கள், இரண்டு சொட்டு டபிள்யூ.டி.40 விட்டாலே வித்தியாசம் தெரியும். கடைசியில் 0.1 மில்லி மட்டும் விட்டுவைத்து ஒரே ஓட்டமாக, கிளைம்ப் திசையில் (பல் வெட்டும் திசையிலேயே உலோகம் நகரும்படி) சீவி எடுங்கள்.

ஆமாம், அலுமினியம் எங்கே வாங்கினீர்கள்? பழைய இரும்புக் கடைத் துண்டு என்றால் என்ன ரகமென்று யாருக்கும் தெரியாது, மென்மையான ரகம் எந்தக் கத்தியிலும் பிசுபிசுக்கும். 6061 ரகம் என்று கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அதற்கப்புறமும் வரி விழுந்தால் டயல் இண்டிகேட்டர் (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) வைத்து ஸ்பிண்டில் ஆட்டத்தை அளக்கலாம். முதலில் கோலட்டைத் துடைத்துவிட்டு அளங்கள், பாதி நேரம் குற்றவாளி அங்கே மாட்டிய தூசிதான்.

கத்தி விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள், விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு. சொன்ன பயனுக்குப் பொருள் உதவ வேண்டும் என்பது மலேசியாவின் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஆனால் பிராக்கெட்டை விற்கவே செய்கிறீர்கள் என்றால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் பயனீட்டாளர் இல்லை, அந்தக் கதவு திறக்காது.