சைலன்சர் வேண்டாம், பிரேக்கைப் பாருங்கள்

கேள்வி: 18 வருடம் கழித்து மறுபடி பைக். 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கிவிட்டேன். சைலன்சரை மாற்றி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தலாமா? - வாசகர், திருச்சி

பதில்: சைலன்சரில் கை வைக்காதீர்கள் சார். டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு அதன் வடிவத்தில்தான் இழுவையே இருக்கிறது. கண்டதை மாட்டினால் சத்தம்தான் கூடும், அபராதம் தனி. அந்தக் காசுக்குப் புது பிரேக் ஷூ போடுங்கள். இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தானே. நான் 46 வயதில் திரும்ப ஓட்டிய முதல் நாள், பால்காரர் சைக்கிளுக்கு அரை அடி பின்னால் போய் நின்றேன். கழற்றிப் பார்த்தால் ஷூ கண்ணாடி மாதிரி வழவழ.

அப்புறம், இன்ஜினுக்கு ஆயில் அனுப்பும் ஆயில் பம்ப் வேலை செய்கிறதா? முன்னால் வைத்திருந்தவர் அதைத் துண்டித்திருந்தால், பெட்ரோலிலேயே 2T ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலக்க வேண்டும். தெரியாமல் ஓட்டினால் பிஸ்டன் ஜாம்.

ஹேண்டில்பாரா? ஒரு மாதம் ஓட்டுங்கள், இடுப்பே சொல்லும்.