வெள்ளை ஈ செத்த பிறகும் வெண்டையில மஞ்சள் நோய் பரவுதே, ஏன்?

மருந்து அடிச்சு ஈ செத்துருச்சு, அப்புறமும் தினம் நாலு செடி மஞ்சளாகுதுன்னு கேட்டிருக்கீங்க. அனேகமா நீங்க மஞ்சள பாத்த பிறகுதான் ஸ்பிரேயர தூக்கியிருப்பீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நானும் அதையேதான் பண்ணேன், 60 சென்ட் வெண்டை போச்சு.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்க காடு. மொதல்ல ஒரே ஒரு செடி, நரம்பு மட்டும் மஞ்சளா வலை பின்னின மாதிரி, நடுவுல பச்சை. மருந்துக்கடையில இலைய காட்டுனா பூஞ்சாண மருந்து கொடுத்தாங்க, வாரம் ஒண்ணா மூணு தடவை, பில்லும் கிடையாது. இது வெள்ளை ஈ பரப்புற வைரஸ் நோய், பூஞ்சாண மருந்து அத என்னங்க செய்யும்? கேட்டா "நீங்க சரியா நனையற மாதிரி அடிக்கல"ன்னு பழிய நம்ம மேலயே போடுறாங்க. விவசாயி கையில காசு இருக்கற அன்னிக்கு மட்டும்தான் மரியாதை. சரி, அத விடுங்க.

அக்கா பொண்ணு விவசாயம் படிக்கிறா. லீவுக்கு வந்தவ இலைய திருப்பிப்பிடிச்சு லென்ஸ கையில குடுத்து "இங்க பாருங்க மாமா"ன்னா. வெள்ளை ஈ, ஒரு மில்லிமீட்டர் இருந்தா அதிகம், றெக்கைய கூரை மாதிரி மடிச்சுக்கிட்டு, ஊசி வாய இறக்கி அசையாம உக்காந்திருக்கு, பக்கத்துல அதோட குஞ்சுங்க செதில் மாதிரி ஒட்டிக்கிட்டு கெடக்கு. நான் அதுவரைக்கும் அழுக்கு ஊசியால குத்துற மாதிரி வாய் நுனியில ஒட்டித்தான் நோய் போகுதுன்னு நினைச்சிருந்தேன். பப்பாளியில அசுவினி பரப்புற வைரஸ் அப்படித்தானாம், ரெண்டு மூணு செடிய குத்துனதும் தீந்துரும். வெள்ளை ஈ கதை வேற.

சாறோட உள்ள போன வைரஸ் குடல் சுவத்த தாண்டணும், ரத்தத்துல கலக்கணும், அங்கேர்ந்து எச்சில் சுரப்பிக்குள்ள போகணும், அப்புறம்தான் அடுத்த செடிய கடிக்கறப்ப எச்சிலோட இறங்கும். இதுக்கு பல மணி நேரம் ஆகும். ஆனா ஒருதரம் எச்சில் சுரப்பிக்கு வந்துருச்சுன்னா அந்த ஈ அனேகமா சாகிற வரைக்கும் பரப்பிக்கிட்டே இருக்கும். குடல்தான் மொத கேட். தக்காளி இலைச்சுருள் வைரஸ வேற இனத்து வெள்ளை ஈ குடிச்சாலும் அதோட குடல தாண்டாது, அதனால பரவாது. இஸ்ரேல்ல இன்னொன்னும் கண்டுபிடிச்சிருக்காங்க, ஈ உடம்புக்குள்ளயே குடியிருக்கற ஒரு பாக்டீரியாவோட புரோட்டீன் வைரஸ ரத்தத்துல அழியாம காப்பாத்துதாம். அது தக்காளி வைரஸ்ல பாத்தது, வெண்டைக்கு அப்படியேன்னு நான் சொல்லல, வேளாண் பட்டதாரிங்க சண்டைக்கு வராதீங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். இன்னிக்கு மஞ்சளாகுற செடி ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே கடி வாங்கினது. செத்த ஈ தன் வேலைய அப்பவே முடிச்சிருச்சு. பக்கத்து காட்டுலேர்ந்து புது ஈயும் வந்துக்கிட்டே இருக்கும், அது உங்க மஞ்சள் செடியிலேர்ந்தும் வைரஸ எடுத்துக்கும். அதனால அந்த செடிய விட்டுவைக்காதீங்க. விடியக்காலைல ஈ மந்தமா இருக்கறப்ப சாக்க மேல கவுத்து மூடி, வேரோட பிடுங்கி, காட்டுக்கு வெளிய கொண்டுபோய் எரிச்சுருங்க. அடுத்த போகத்துக்கு நோய் தாங்கற ரகமா பாத்து போட்டு, முளைச்ச மொத வாரத்துலேர்ந்தே மஞ்சள் ஒட்டு அட்டை கட்டி தினம் இலைக்கு அடியில பாருங்க. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது.