தரகர் இப்போது ஆலோசகர், கட்டணம் கொடுக்கலாமா?

கேள்வி: கொக்குவிலில் 22 பேர் வேலை செய்யும் மென்பொருள் நிறுவனம் வைத்திருக்கிறேன். முன்பு ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதிக்காகக் கொழும்பிலிருந்து தரகர் வருடத்தில் ஒருநாள் வந்து மூன்று கம்பனிகளின் விலையைக் காட்டுவார், நான் ஒன்றில் கையெழுத்து வைப்பேன். இப்போது அவரே ‘ஊழியர் நலன் ஆலோசகர்’ என்று சொல்லித் தனிக் கட்டணம் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா? (வாசகர், கொக்குவில்)

பதில்: முதலில் அவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: காப்புறுதிக் கம்பனியிடமும் கமிஷன் வாங்குகிறீர்களா? அந்தக் கமிஷன் நீங்கள் கட்டும் பிரிமியத்திலிருந்துதான் போகிறது. இரண்டு பக்கமும் வாங்குவதாக இருந்தால் எவ்வளவு என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்த வேலையே மாறித்தான் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது, அதற்கு முன் போட்ட காப்புறுதி வரம்பை அப்படியே வைத்திருந்தால் இன்று தனியார் ஆஸ்பத்திரி பில்லில் பாதிகூட வராமல் போகலாம். அதனால் விலைத்தாள் காட்டுவது மட்டும் போதாது. உங்கள் ஆட்களுடன் இருந்து பேச வேண்டும். இங்கே வேலை செய்யும் பிள்ளைகள் பலருக்குத் தங்களைவிட வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவின் வருத்தம்தான் பெரிய கவலை, சகோதரங்கள் வெளிநாட்டில், பார்க்க இவர்கள்தான். பெற்றோரைச் சேர்க்க எவ்வளவு கூடும், யாழ் போதனா ஆஸ்பத்திரியில் இலவசமாகப் படுத்திருந்தாலும் காப்புறுதியிலிருந்து நாளுக்கு இவ்வளவு என்று நாட்காசு கிடைக்குமா, கொழும்புக்குப் போய் வைத்தியம் பார்த்தால் முதலில் கைக்காசு கட்ட வேண்டுமா, இவற்றைக் கேட்டு வந்து, ஒப்பந்தத்தையும் தமிழில் விளங்கப்படுத்தி, க்ளெய்ம் மறுக்கப்பட்டால் ஆளுக்காகப் போய் வாதாடுகிறவர் என்றால் அந்தக் கட்டணம் தாராளமாகத் தகும்.

இன்னொன்று. ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் பங்கு சம்பளத்தில் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு (ETF) 3 வீதம். இவை நலன்கள் அல்ல, சட்டப்படி கட்ட வேண்டிய காசு. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து மீதியை அலவன்ஸ் என்று எழுதினால் இந்தப் பங்கில் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு ஆலோசகர் சொன்னால் அவருடன் பேச்சை நிறுத்திவிடுங்கள். வாழ்க்கைச் செலவுப்படி போன்றவையும் கணக்கில் வரும், பிறகு தொழில் திணைக்களம் மேலதிகக் கட்டணத்தோடு கேட்கும். அதைவிட, அது அந்தப் பிள்ளைகளின் வயதான காலத்துக் காசு.

கேள்வி: ஆறு வருடம் வேலை செய்த இடத்திலிருந்து நானாகவே விலகினேன். நீ விலகியதால் பணிக்கொடை கிடையாது என்று ஆலோசகர் சொன்னதாக முதலாளி சொல்கிறார். மாதச் சம்பளம் 90,000. அங்கே 20 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். (வாசகி, சாவகச்சேரி)

பதில்: தங்கச்சி, அது பிழை. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்தவர் தானே விலகினாலும் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. வருடத்துக்கு அரைமாதச் சம்பளம், உங்களுக்கு 45,000 வீதம் ஆறு வருடம், 270,000 ரூபா. விலகி 30 நாட்களுக்குள் தந்திருக்க வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, விலகல் கடிதப் பிரதி மூன்றையும் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் உள்ள தொழில் திணைக்களக் கந்தோருக்குப் போங்கள், முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து ஒரு பிரதியில் சீல் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்.