பென் டிரைவில் போன பில்லிங் மென்பொருள்

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை ஒன்றுக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இப்போது பக்கத்துப் பட்டறைகளிலும் அதுவே ஓடுகிறது. ஒரு பேட்ச் ஃபைலை (கட்டளைகளை வரிசையாக எழுதி வைக்கும் ஃபைல்) வைத்தே இதைத் தடுக்க முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: ஓரளவு முடியும், தம்பி. விண்டோஸில் கட்டளை தட்டும் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டில் 'வால்' (vol) கட்டளை கொடுத்தால், அந்தக் கம்ப்யூட்டர் டிரைவின் சீரியல் எண் வரும்; எண்ணும் எழுத்தும் கலந்த எட்டு இட எண் அது. பேட்ச் ஃபைல் அதைச் சரிபார்த்த பிறகே மென்பொருளைத் திறக்கட்டும். ஃபைல்களை காப்பி அடித்தால் அந்த எண் கூடப் போகாது.

ஆனால் பேட்ச் ஃபைலை நோட்பேடில் யாரும் திறந்து, சரிபார்க்கும் வரியை அழித்துவிடலாம். அதைத் தொடாமல் உள்ளே இருக்கும் மென்பொருளை நேரடியாகவும் ஓட்டலாம். அதனால் சோதனை மென்பொருளுக்குள்ளேயே இருக்க வேண்டும். இன்னொன்று, டிரைவை ஃபார்மட் செய்தால் அந்த எண் மாறிவிடும்; காசு கொடுத்து வாங்கியவரே வெளியே நிற்பார். பவர்ஷெல் என்ற விண்டோஸ் கருவி வழியாக மதர்போர்டின் யூயூஐடியை, அதாவது அதன் தனி அடையாள எண்ணை எடுங்கள், அது ஃபார்மட்டுக்கு அசையாது. அதை உங்களிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால் டிஜிட்டல் கையொப்பமிட்டு லைசென்ஸ் ஃபைலாகக் கொடுங்கள். மென்பொருளுக்குள், அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவி மட்டும் இருந்தால் போதும். போலி லைசென்ஸ் செய்வது லேசான காரியமில்லை. சோதனையையே வெட்டி எறியத் தெரிந்தவரை மட்டும் இதுவும் தடுக்காது.

அப்புறம், எண் பொருந்தவில்லை என்றால் பழைய பில்களை அழிக்கவோ மறைக்கவோ கூடவே கூடாது. கணக்கு பட்டறைக்காரர் சொத்து. புது பில் போடுவதை மட்டும் நிறுத்தி, உங்கள் போன் நம்பரைக் காட்டுங்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்களிடம் நேரில் போய் நியாயமான விலை சொல்லுங்கள். மென்பொருள் பிடித்துப்போய்தானே வைத்திருக்கிறார்கள்.