சின்ன வயதில் நடித்த பணம்: மொத்தத்தையும் கடையில் போடலாமா?

கேள்வி: 6 வயதிலிருந்து 13 வயது வரை சினிமாவிலும் சீரியலிலும் நடித்தேன். அப்புறம் வாய்ப்பு வரவில்லை. படித்து வேலைக்குப் போய்விட்டேன். இப்போது வயது 27. என் சம்பளத்தை அப்பா ஒரே வங்கியில் எஃப்.டி. போட்டு வந்ததில் வட்டியோடு 28 லட்சம் இருக்கிறது. குழந்தைகளுக்கான நடன, ஷூட்டிங் உடைகளை வாடகைக்கு விடும் கடையை வளசரவாக்கத்தில் திறக்க ஆசை. பெரியம்மா மகன், என் அண்ணன், கூட்டாளியாக வருகிறேன் என்கிறார். மொத்தப் பணமும் என்னுடையது, உழைப்பு அவருடையது, லாபம் பாதிப் பாதி. என் பழைய படத்து ஸ்டில்லை போர்டில் போட்டால் கூட்டம் வரும் என்கிறார். இறங்கலாமா சார்? - சென்னை வாசகி

பதில்: முதலில் உங்கள் அப்பாவுக்கு ஒரு கும்பிடு. குழந்தை நடிகரின் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை அந்தக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் எஃப்.டி. போட வேண்டும் என்ற விதி 2017-ல்தான் வந்தது. நீங்கள் நடித்த காலத்தில் அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1921-ல் சாப்ளினோடு நடித்த அமெரிக்கச் சிறுவன் ஜாக்கி கூகன் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தும், வளர்ந்தபின் தாய் மேலும் மாற்றாந்தந்தை மேலும் வழக்குப் போட்டு வாங்க முடிந்தது சுமார் 1,26,000 டாலர்தான். அதன் பிறகுதான் 1939-ல் கலிபோர்னியாவில் இதற்கென்று சட்டம் வந்தது.

கடை யோசனை நல்லது. அண்ணனின் கணக்குதான் இடிக்கிறது. சாதாரண பார்ட்னர்ஷிப்பில் ஒரு கூட்டாளி வைக்கும் கடனுக்கு மற்றவரின் சொந்தச் சொத்தும் பொறுப்பு. நஷ்டம் வந்தால் போவது உங்கள் பணம் மட்டுமே. அவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள், லாபம் வந்த ஆண்டில் போனஸும் கொடுங்கள். கூட்டாளியாகத்தான் வருவேன் என்றால் எல்.எல்.பி. (ஒவ்வொருவர் பொறுப்பும் போட்ட தொகையோடு நிற்கும் கூட்டு நிறுவனம்) போடுங்கள், அவரும் ஒரு தொகை போடட்டும்.

போர்டு விஷயம்: ஸ்டில்லில் இருப்பது உங்கள் முகம்தான், ஆனால் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளர் கையில் இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்காமல் போடாதீர்கள். தவிர, இப்போது 6 வயதுப் பிள்ளைக்கு உடை எடுக்க வருகிற அம்மாவுக்கு உங்கள் படம் ஞாபகம் இருக்குமா? கைக்குழந்தைகளாக டிவி தொடரில் நடிக்க வந்த அமெரிக்க ஓல்சன் இரட்டைச் சகோதரிகள், 2006-ல் 'தி ரோ' என்ற உடை நிறுவனத்தைத் தொடங்கியபோது தங்கள் முகத்தை முன்னால் வைக்கவில்லை. துணியும் தையலும் பேசட்டும் என்று விட்டார்கள். 2012-ல் அமெரிக்க ஃபேஷன் டிசைனர்கள் கவுன்சிலின் விருது வந்தது. உங்களிடம் உள்ள உண்மையான மூலதனம், காஸ்ட்யூமர்களையும் புரொடக்ஷன் மேனேஜர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம்தான்.

இனி வாடகைக் கணக்கு. விசிறி மடிப்பு வைத்த பரத உடை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம் எல்லாம் சேர்த்து ஒரு செட் 6,000 ரூபாய், ஒரு தடவை வாடகை 600 என்று வைத்துக்கொள்வோம். பத்து தடவை போனால் போட்ட காசு வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் கழுத்துப் பட்டையில் மேக்கப் அப்பிக்கொண்டும் கொக்கி பிய்ந்தும் திரும்பி வரும். சலவைக்கும் தையலுக்கும் 150 போனால் 14 தடவை ஆகும். கடை வாடகையை இதில் நான் சேர்க்கவே இல்லை. அதனால் 100 செட் வாங்கிக் குவிக்காமல் 30-ல் தொடங்குங்கள். எது அதிகம் போகிறது என்று பார்த்து மேலே வாங்கலாம்.

சினிமா கம்பெனிகளின் பில் இழுத்தடிக்கும், உங்களுக்கே தெரியும். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், முதல் வேலையாகச் செய்துவிடுங்கள். பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதமானால் கூட்டு வட்டி கேட்கலாம். கேட்டால் அடுத்த ஆர்டர் வருமா என்பது வேறு கதை, ஆகவே பாதி அட்வான்ஸ் வாங்காமல் பெட்டியை அனுப்பாதீர்கள். வாடகைக்கு விடுவது சேவை என்பதால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும்.

28 லட்சத்தில் 8 லட்சத்துக்கு மேல் கடைக்குள் போகக் கூடாது, கடை அட்வான்ஸையும் சேர்த்துத்தான். ஓராண்டு வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். வங்கி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் ஒரு வங்கிக்கு 5 லட்சம் வரைதான். மீதிப் பணத்தை எஃப்.டி. முதிரும்போது இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போடுங்கள். நடுவில் அவசரம் வந்தால் எஃப்.டி.யை உடைக்காமல் அதன் மேல் ஓவர்டிராஃப்ட் (டெபாசிட்டை ஈடாக வைத்து எடுக்கும் கடன்) கேளுங்கள்.

பள்ளி ஆண்டு விழாக்கள் பெரும்பாலும் டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வரும். அக்டோபருக்குள் கடை தயாரானால் முதல் சீசனைப் பிடிக்கலாம். அதுவரை வேலையை விடாதீர்கள்.